சைனஸ் தொல்லையா? முதலில் மூக்கைக் கழுவுங்கள்

காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். வந்து உட்கார்ந்ததும் பலர் கேட்பது இதுதான்: "சளி மஞ்சளாயிடுச்சு சிஸ்டர், ஆன்டிபயாடிக் எழுதித் தரச் சொல்லுங்க." நிறத்தை மட்டும் வைத்து பாக்டீரியா என்று முடிவுகட்ட முடியாது. வைரஸால் வரும் சாதாரண சளியும் சில நாளில் மஞ்சளாகும், பச்சையாகும்.

கன்னம், நெற்றி, கண்களுக்கு நடுவே, மூக்குக்குப் பின்னால் என்று எலும்புக்குள் காற்றறைகள் இருக்கின்றன; இவைதான் சைனஸ். அவை மூக்குக்குள் திறக்கும் வழி மிகக் குறுகல். சளி பிடித்து உள்சவ்வு வீங்கினால் அந்த வழி அடைபட்டு, உள்ளே ஊறும் நீர் தேங்கிவிடும். முகம் கனப்பது அதனால்தான். ஆக, வீக்கத்தைக் குறைத்து வழியைத் திறப்பதுதான் வைத்தியம்.

நான் முதலில் சொல்லித்தருவது உப்புநீரில் மூக்கு கழுவுவதை. கால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும்; இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். கொதிக்கவைக்காத தண்ணீரில் இருக்கக்கூடிய ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மூக்கு கழுவும் பாட்டிலால் மேல்பக்க மூக்கில் மெதுவாக விடுங்கள். மறுபக்கம் வழியும். அப்புறம் பாட்டிலைக் கழுவிக் காயவையுங்கள்.

டாக்டர் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே எழுதியிருந்தால் கழுவிய பிறகு அடியுங்கள். வலது கையால் இடது மூக்கில், இடது கையால் வலது மூக்கில். அப்போதுதான் முனை வெளிப்பக்கம் பார்க்கும். நடுச்சுவரிலேயே அடித்துவந்தால் ரத்தம் கசியும். பலமாக உறிஞ்சாதீர்கள், மருந்து தொண்டைக்குப் போய்விடும். பலன் தெரியச் சில நாளாகும், பொறுங்கள். போட்டதும் மூக்கைத் திறக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டுமருந்து வேறு. அதை ஐந்து நாளுக்கு மேல் போட்டால், நிறுத்தியதும் முன்னைவிட மோசமாக அடைக்கும்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

10 நாளாகியும் குறையவில்லை, குறைந்துவந்தது மறுபடி ஏறுகிறது, அல்லது 102 டிகிரி காய்ச்சலோடு முகவலியும் சீழ்போன்ற சளியும் மூன்று நாலு நாளாக விடவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். ஆன்டிபயாடிக் தேவையா என்று யோசிக்க வேண்டிய நேரம் அது. ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு வழிந்தால் மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லையும் காட்டுங்கள்; அதன் வேரில் பிடித்த சீழ் கன்னத்து அறைக்கு ஏறும். 12 வாரம் தாண்டினால் எண்டோஸ்கோப் (கேமரா வைத்த மெல்லிய குழாய்) வைத்து மூக்குக்குள் பார்க்க வேண்டும், சிடி ஸ்கேனும் தேவைப்படலாம்.

கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கழுத்து விறைத்தாலோ, பேச்சு குழம்பினாலோ நடுராத்திரியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்பிவிடுங்கள்.