சுங்கை பூலோவுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரின் வடமேற்கு ஓரத்தில், ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி இருக்கிறது சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம். அலையாத்திக் காடு, சேற்றுப்பரப்பு, குளங்கள், அவற்றை ஒட்டி மேட்டுக்காடு என்று நாலு விதமான நிலங்களையும் ஒரே காலையில் நடந்து பார்த்துவிடலாம். ஆனால் போய் வந்தவர்களில் பலர், "வெறும் சேறுதான், ஒன்றுமே இல்லை" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். முதல் தடவை நானும் அப்படித்தான் திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் அக்கா பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நடந்தேன். ஒரே ஒரு கொக்கைத்தான் பார்த்தோம். நாங்கள் போன நேரம் தப்பு என்பது பிறகுதான் புரிந்தது.

இங்கே கடல் ஏறும் நேரத்தைப் பார்த்துத்தான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான். கடல் வற்றியிருக்கும்போது நீரிணை ஓரத்தில், மண்டாய் பக்கம், பரந்த சேறு வெளியே தெரியும். வலசை வந்த பறவைகள் அங்கே போய்ப் புழுவும் நண்டும் பொறுக்கிக்கொண்டிருக்கும். காப்பகத்துப் பாதையில் நடப்பவர் கண்ணுக்கு அவை எட்டாது. தண்ணீர் ஏறி அந்தச் சேறு மூழ்கியதும், நிற்க இடம் தேடிக் கூட்டம் கூட்டமாக உள்ளே இருக்கும் குளங்களுக்கு வரும். இவை ஒரு காலத்தில் இறாலும் மீனும் வளர்த்த பண்ணைக் குளங்கள். இன்றும் மதகு வைத்துத் தண்ணீரைக் கூட்டிக் குறைத்து, பறவைகள் கால் ஊன்றச் சேறு தெரியும்படி பார்த்துக்கொள்கிறார்கள். கடல் ஏறும் நேரம் இணையத்தில் அன்றன்றைக்குக் கிடைக்கும். ஏற்றம் உச்சத்துக்கு வர ஒரு மணி நேரம் இருக்கும்போதே, பறவைகள் கண்ணில் படாமல் இருந்து பார்க்கக் கட்டிய மறைவுக்குடிலுக்குள் போய் உட்கார்ந்துவிடுங்கள். முதலில் நாலைந்து வரும், பிறகு ஒரு கூட்டமே வந்து இறங்கும். சிவந்த கால் பவளக்காலிகள் ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகு இறகுக்குள் செருகித் தூங்குவதைக் கையிலிருக்கும் சாதாரணத் தொலைநோக்கியிலேயே பார்க்கலாம்.

மாதமும் முக்கியம். செப்டம்பர் முதல் மார்ச் வரைதான் வலசைக் காலம். ஜூன், ஜூலையில் போனால் உடும்பும் முதலையும் இருக்கும், நீர்நாயும் கண்ணில் படலாம். ஆனால் அந்தப் பறவைக் கூட்டத்தை எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது சத்தம். குடிலின் துவாரம் வழியாகக் கையை நீட்டி, "அதோ பார், அதோ பார்" என்று காட்டுவது நமக்குச் சாதாரணப் பழக்கம். பறவைக்கு அந்தக் கை போதும், மொத்தக் கூட்டமும் எழுந்துவிடும். சைபீரியா வரைக்கும் திரும்பிப் பறக்க வேண்டிய உயிர்கள் இங்கே ஓய்வெடுத்து உடம்பில் கொழுப்பு சேர்க்கின்றன. பதறி எழும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சேமிப்பு கரைகிறது. கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடுவது இன்னும் மோசம், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்த இடமே பறவை பார்க்கும் ஆர்வலர்களால் பிழைத்த இடம். 1986இல் அவர்கள் இங்கே வந்த பறவைகளைக் கண்டு, காப்பாற்றித் தரும்படி அரசிடம் கேட்டார்கள். 1989இல் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கினார்கள், 1993இல் மக்களுக்குத் திறந்தார்கள், 2002இல் சட்டப்படி காப்பகமானது.

படம் எடுப்பதற்காகப் பலகைப்பாதையை விட்டு இறங்குகிறவர்களையும் பார்க்கிறேன். சேற்றில் பென்சில் பென்சிலாக நட்டு வைத்ததுபோல் நீட்டிக்கொண்டிருப்பது குச்சியல்ல, அலையாத்தி மரத்தின் மூச்சுவேர். காற்றில்லாத சேற்றில் நிற்கும் மரம் அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. மிதித்தால் ஒடிந்துவிடும். மிதிப்பவருக்கும் ஆபத்து உண்டு, இங்கே இருப்பது உவர்நீர் முதலை. பெரிய பாலத்தின் மேல் நின்று ஆற்றைப் பார்த்தால் மரக்கட்டை மாதிரி மிதந்து வரும். பாலத்திலிருந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள். நடைபாதை அருகே கண்டால் நெருங்காமல், மெதுவாகப் பின்வாங்கி வந்துவிடுங்கள். உடும்பு குறுக்கே படுத்திருந்தால் அது போகும்வரை நின்றுகொள்வது போதும்.

குரங்குக்குத் தீனி போடுவது பாவத்துக்குப் புண்ணியம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு முறை கையிலிருந்து வாங்கித் தின்ற குரங்கு, அடுத்து வருகிறவரின் பையைப் பிடுங்கும். முதல் முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. கடைப் பிளாஸ்டிக் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாமல், சாப்பாட்டை முதுகுப்பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். நாயையோ சைக்கிளையோ கொண்டுவர அனுமதியில்லை. தண்ணீர், தொப்பி, கொசு மருந்து மறக்க வேண்டாம். இடி கேட்டால் திறந்த இடத்தில் நிற்காதீர்கள்.

பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதை முழுவதையும் முடித்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இரண்டாவது தடவை போனபோது பலகைப்பாதையில் ஒரே இடத்தில் இருபது நிமிடம் நின்றோம். முதலில் சேறு மட்டும்தான் தெரிந்தது. பிறகு சேற்றுத்துள்ளி மீன் ஒன்று துடுப்பை ஊன்றித் தண்ணீருக்கு வெளியே நகர்ந்தது. சின்னவன், "மீன் நடக்குது மாமா" என்றான். சற்றுத் தள்ளி, தாழ்ந்து தொங்கிய இலைக்குக் கீழே ஒரு மீன் அசையாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. சட்டென்று வாயிலிருந்து ஒரு சொட்டு நீரைப் பீய்ச்சியது. இலையிலிருந்த பூச்சி தண்ணீரில் விழுந்தது. அன்றைக்குப் பாதையில் பாதிதான் நடந்தோம். மீதியைப் பார்க்க எப்போது வரலாம் என்று பேருந்தில் ஏறும்வரை இருவரும் கேட்டுக்கொண்டே வந்தார்கள்.