டிஸ்பாட்ச்ல இருந்து பின்னாடி நடங்க: சின்ன யூனிட்டுக்கு ப்ராசஸ் மேப் போடுறது எப்படி

லீன், அதாவது வேஸ்ட்டக் குறைச்சு வேலை செய்யற முறைன்னு சொன்னாலே சாப்ட்வேர், கன்சல்டன்ட்னு மலைச்சுப் போயிடறாங்க, ஆனா நம்ம மதுரைல கப்பலூர், புதூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் இருக்க சின்ன யூனிட்டுக்கு, வேலை எந்த வரிசைல நகருதுன்னு காட்டுற ப்ராசஸ் மேப் வரைய ஒரு ஏ3 தாளு, பென்சில், செல்போன்ல இருக்க ஸ்டாப்வாட்ச் இது போதும்ங்க.

ஆபீஸ் ரூம்ல உக்காந்து மட்டும் வரையாதீங்க. ஃபைல்ல இருக்க சார்ட்டு வேலை எப்படி நடக்கணும்னு சொல்லும், நமக்கு வேண்டியது நெசத்துல எப்படி நடக்குதுங்கறது. அதிகமா ஓடுற ஒரே ஒரு பார்ட்ட எடுத்துக்கிட்டு டிஸ்பாட்ச்ல இருந்து பின்னாடியே நடந்து போங்க, கஸ்டமருக்கு தினம் எத்தனை போகுதுங்கற கணக்கு அங்கதான் இருக்கு.

ஒரு ரப்பர் புஷ், அதாவது வண்டில அதிர்வத் தாங்குற ரப்பர் வளையம்னு வச்சுக்குவோம். மில் (ரப்பர் கலவைய அரைக்கிறது), பிளாங்க் கட்டிங் (மோல்டுக்கு வேண்டிய அளவுல கலவைய வெட்டுறது), பிரஸ் (மோல்டுல வச்சு சூடா அழுத்துறது), ட்ரிம்மிங் (ஓரத்துல இருக்க கூடுதல் ரப்பர வெட்டி எடுக்கறது), செக்கிங், பேக்கிங், ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்டம் போட்டு ஒரு பீஸுக்கு எவ்வளவு நேரம், எத்தனை ஆளு, எத்தனை ரிஜெக்ட்னு எழுதுங்க. ரெண்டு கட்டத்துக்கு நடுவுல ஒரு முக்கோணம் போட்டு அங்க குமிஞ்சு கிடக்க பீஸ எண்ணி எழுதுங்க, இதத்தான் நெறைய பேரு விட்டுடறாங்க. பிரஸ்ஸுக்கும் ட்ரிம்மிங்குக்கும் நடுவுல 1800 கிடக்கு, தினம் போறது 900னா, அந்த எடத்துல மட்டும் சரக்கு 2 நாள் சும்மா தூங்குது. டொயோட்டால தாய்ச்சி ஓனோ பிரிச்ச ஏழு வேஸ்ட்ல காத்திருப்பு, தேவைக்கு மேல உற்பத்தி, ஸ்டாக் மூணும் இந்த ஒரு முக்கோணத்துலயே சிக்கிடும்.

அடுத்து டாக்ட் டைம், அதாவது கஸ்டமருக்கு வேண்டிய எண்ணிக்கைய முடிக்க எத்தனை செகண்டுக்கு ஒரு பீஸ் வரணுங்கற கணக்கு. ஷிப்ட்ல பிரேக் போக 450 நிமிஷம், அதாவது 27,000 செகண்ட், 900 பீஸ் வேணும்னா 30 செகண்டுக்கு ஒண்ணு வெளிய வரணும். ட்ரிம்மிங்ல ஒரே ஆளு, பீஸுக்கு 45 செகண்ட் ஆகுதுன்னா குமியத்தானே செய்யும்.

உடனே இன்னொரு ஆளப் போடுவோம்னுதான் தோணும், கொஞ்சம் பொறுங்க, ட்ரிம்மிங்ல உக்காந்திருக்க அக்காகிட்ட பக்கத்துல உக்காந்து கேளுங்க. "பிளாஷ் தடிமனா வருதுய்யா, ரெண்டு தடவ வெட்ட வேண்டியிருக்கு"ன்னு சொல்வாங்க. பிளாஷ்ங்கறது மோல்டு ஓரத்துல பிதுங்கி வர கூடுதல் ரப்பர். ஏன் தடிமன்? மோல்டு தேஞ்சிருக்கலாம், இல்ல பிளாங்க் வெயிட்டு கூடுதலா இருக்கலாம். ஒருதடவ வல்கனைஸ் ஆன, அதாவது சூட்டுல வெந்து இறுகுன ரப்பர திரும்ப புது காம்பவுண்டா (பிரஸ்ஸுக்குப் போற ரப்பர் கலவையா) ஆக்க முடியாது, அப்ப அந்த அக்கா வெட்டிப் போடுறது பூரா உங்க காசு. பிளாங்க் கட்டிங்ல ஒரு தராசு வச்சு வெயிட்ட எழுதி ஒட்டுங்க, மோல்டயும் ஒருதடவ கழட்டிப் பாத்துருங்க.

வாட்ச எடுக்கறதுக்கு முன்னாடியே வேலை செய்யறவங்ககிட்ட சொல்லிடுங்க, ஆள அளக்கல, வேலைய அளக்கறோம்னு, இல்லன்னா அன்னைக்கு மட்டும் வேற வேகத்துல ஓடும், கணக்கு பூரா தப்பாயிரும்.

அப்புறம் பிரஸ்ஸுக்கும் ட்ரிம்மிங்குக்கும் நடுவுல பீஸ் போடுற டப்பா எத்தனை நிக்கலாம்னு ஒரு அளவு வைங்க, நெறஞ்சா பிரஸ்ஸ நிறுத்துங்க. மிஷின் சும்மா நிக்குதேன்னு மொதலாளிக்கு மனசு கேக்காது, ஆனா நிறுத்தித்தான் ஆகணும். காம்பவுண்டுலயும் மொத வந்தத மொத எடுங்க, நம்ம மதுரை வெயிலுக்கு ஷெட்ல கிடந்தா பிரஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னாடியே இறுக ஆரம்பிச்சிரும். ஒரு மாத்தம் பண்ணிட்டு அது நிலைச்சப்புறம் அதே தாளோட திரும்ப நடந்து முக்கோணத்துல இருக்க நம்பர அழிச்சு புதுசா எழுதிட்டு, அதுக்கப்புறம் அடுத்த மாத்தத்துக்குப் போங்க.