பிரெஞ்சு ஊரில் தங்கப் போகும் அமெரிக்கர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெற்கு பிரான்ஸில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் என்ற ஊரில் நான் குடியிருந்தபோது, எனக்கு நேர் கீழ் வீட்டுக்கு ஓர் அமெரிக்கத் தம்பதி பத்து மாதம் தங்க வந்தார்கள். அவர்களுக்கு வரும் பார்சல் எல்லாம் என் வாசலுக்கே வந்துகொண்டிருந்தது. பிரான்ஸில் நம் ஊர் மாதிரியே தரைத்தளத்துக்கு மேலே இருப்பதுதான் முதல் மாடி, அமெரிக்காவிலோ தரைத்தளமே முதல் மாடி. அவர்கள் பழக்கதோஷத்தில் 'இரண்டாவது மாடி' என்று முகவரி எழுத, கூரியர்காரர் ஒழுங்காக இரண்டாவது மாடி ஏறி என் கதவைத் தட்டினார். அப்படித்தான் பழக்கமானோம். ஊரின் மேல் ஆசையோடு வந்தவர்கள், ஆனால் முதல் மாதம் முழுக்க "இங்கே யாருக்கும் எங்களைப் பிடிக்கவில்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்க எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் பிரச்சினை அன்பில் இல்லை, வாசலில் விட்டுப்போன ஒரு சொல்லில் இருந்தது.

அந்தச் சொல் போன்ஜூர், அதாவது வணக்கம். ரொட்டிக்கடைக்குள் கணவர் பெரிய சிரிப்போடு நுழைந்து நேராக "இரண்டு பாகெத் கிடைக்குமா" என்று நீள ரொட்டியைக் கேட்பார், கடைக்கார அம்மாவின் முகம் இறுகிவிடும். அமெரிக்காவில் அந்தச் சிரிப்பு போதும், இங்கே போதாது. பிரெஞ்சு ஊரில் கடை என்பது கிட்டத்தட்ட ஒருவருடைய வீடு, அங்கே வாடிக்கையாளர் ராஜா இல்லை, உள்ளே வந்த விருந்தாளி. முன்பின் தெரியாத வீட்டுக்குள் போய் எடுத்த எடுப்பில் "குழம்பு இருக்கா" என்று கேட்டால் எப்படி இருக்கும், அப்படித்தான் அவர்களுக்கு இருக்கிறது. பஸ் ஓட்டுநருக்குச் சொல்லுங்கள், டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள், சாயங்காலத்துக்கு மேல் போன்சுவார், கிளம்பும்போது மெர்சி, ஓ ருவார், அதாவது நன்றி, போய்வருகிறேன். ஆனால் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டாம் முறை போன்ஜூர் சொல்லாதீர்கள், காலையில் பார்த்ததை நீங்கள் மறந்துவிட்டதாக நினைப்பார்கள்.

அடுத்தது உணவகம். சாப்பிட்டு முடித்து நாற்பது நிமிடம் பில் வராமல் இருவரும் கொதித்துப்போய் வீடு திரும்பினார்கள். அமெரிக்காவில் தட்டை எடுத்த கையோடு பில் வந்துவிடும், பிரான்ஸில் கேட்காமல் பில்லைக் கொண்டுவந்து வைப்பது எழுந்து போ என்று சொல்வதுபோல. மேஜை உங்களுடையது, வேண்டிய நேரம் இருங்கள், கிளம்ப நினைக்கும்போது "லதிசியோன், சில் வூ ப்ளே" என்று கேளுங்கள். டிப்ஸாக இருபது சதவீதம் வைக்க வேண்டியதில்லை, சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியிருக்கிறது, மனசுக்குப் பிடித்தால் சில்லறை வைக்கலாம். மெனுவில் 'ஆந்த்ரே' என்றிருப்பது முதலில் வரும் சின்னப் பதார்த்தம், அமெரிக்காவில் அதே சொல்லுக்கு முக்கிய உணவு என்று பொருள், அதை நம்பி ஆர்டர் செய்தால் பசியோடு எழுந்திருப்பீர்கள். அப்புறம், 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த்தண்ணீர் இலவசமாக வரும்.

நேரம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை பல சிறு கடைகள் மூடியிருக்கும், ஞாயிறு பெரும்பாலும் எல்லாமே, திங்களும் நிறைய. மதியம் இரண்டரைக்குப் பசித்தால் உணவகத்தில் சமையலறை மூடியிருக்கும்.

சந்தையை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், எனக்கு அந்த ஊரில் பிடித்த இடமே அதுதான். ரிஷெல்ம் சதுக்கத்தில் தினமும் காலையில் காய்கறிச் சந்தை கூடும். அங்கே போய் முலாம்பழத்தை அமுக்கிப் பார்ப்பது பெரிய தவறு, பழத்தை எடுப்பது வியாபாரியின் வேலை. அவர் உங்களைக் கேட்பார், "இன்றைக்கா, நாளைக்கா?" இன்று மதியத்துக்கு என்றால் ஒரு பழம், நாளை இரவுக்கு என்றால் வேறொரு பழம், மோந்து பார்த்து எடுத்துத் தருவார். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

இதே சந்தையில்தான் கீழ் வீட்டு அம்மா ஜாம் விற்பவரிடம், இதில் 'ப்ரெசர்வத்தீஃப்' கலந்திருக்கிறதா என்று கேட்டார். கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனத்தைக் கேட்பதாக அவருக்கு நினைப்பு, பிரெஞ்சில் அதற்கு ஆணுறை என்று பொருள். கடைக்காரர் சிரித்துச் சிரித்து ஒரு பாட்டில் ஜாமை இலவசமாகவே கொடுத்துவிட்டார். அதேபோல வயிறு நிறைந்துவிட்டது என்பதை ஆங்கிலத்திலிருந்து அப்படியே மாற்றி 'ஜு சுய் ப்ளேன்' என்று ஒரு பெண் சொன்னால், பசு சினையாக இருப்பதற்குச் சொல்லும் சொல் அது. நன்றாகச் சாப்பிட்டேன் என்று சொல்லுங்கள், 'ஜே பியான் மாஞ்ஜே'.

விருந்துக்குக் கூப்பிட்டால் சாமந்திப் பூ கொண்டுபோகாதீர்கள். நாம் சாமிக்குப் போடும் பூதான், ஆனால் அங்கே நவம்பர் 1-ஐ ஒட்டிக் கல்லறையில் வைப்பது அது. சொன்ன நேரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் போவதே மரியாதை. கட்டிப்பிடிக்கவும் வேண்டாம், சந்திக்கும்போது கன்னத்தோடு கன்னம் வைக்கும் முத்தத்தைவிட அது நெருக்கமானதாக அங்கே படும்.

காகித விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது. அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் விசா இல்லாமல் 180 நாட்களில் 90 நாட்கள்தான் ஷெங்கன் பகுதியில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட பிரான்ஸ் முதலான ஐரோப்பிய நாடுகளில், இருக்கலாம். அதற்கு மேல் என்றால் கிளம்பும் முன்பே நீண்டகால விசா வாங்க வேண்டும், குடியிருப்பு அனுமதியாகவும் செல்லும் விசா என்றால் வந்து மூன்று மாதத்துக்குள் இணையத்தில் அதைப் பதிவும் செய்ய வேண்டும். அலுவலக ஜன்னலில் "முடியாது" என்ற பதில் வந்தவுடன் திரும்பிவிடாதீர்கள், பல நேரம் அது பேச்சின் ஆரம்பம்தான். பொறுமையாக நின்று, அப்படியானால் என்ன செய்யலாம் என்று கேளுங்கள், வழி பிறக்கும்.

மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலில் மில் சங்கு மாதிரி ஊர் முழுக்க சைரன் ஊதும், ஓட வேண்டாம், சோதனைதான். வருடக் கடைசியில் தீயணைப்பு வீரர்கள் வீடு வீடாக வந்து காலண்டர் நீட்டுவார்கள். கீழ் வீட்டில் விற்பனையாளர் என்று நினைத்து வேண்டாமென்று கதவைச் சாத்திவிட்டார்கள். பிரான்ஸின் தீயணைப்பு வீரர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள், பக்கத்துத் தெருக்காரராகவே இருப்பார். காலண்டருக்கு நன்கொடையாகக் கொடுக்க நவம்பரிலிருந்தே ஐந்தோ பத்தோ யூரோ நோட்டு ஒன்றைக் கதவுக்குப் பக்கத்தில் எடுத்து வையுங்கள்.