வீட்டுச் சாவி வாங்கும் முன் பள்ளி வாசலில் நில்லுங்கள்

மாறுதல் உத்தரவு கைக்கு வந்த அன்றே வாடகை வீடு தேடத் தொடங்கிவிடுகிறோம். வீடு அமைந்த பிறகுதான் பக்கத்தில் எந்தப் பள்ளி என்று விசாரிக்கிறோம். 2019 மே மாதம் நானும் அப்படித்தான் செய்தேன். நான் கிராம சுகாதார செவிலியர். சிவகங்கை மாவட்டத்திலிருந்து மண்டபம் ஒன்றியத்துக்கு மாறுதலாகி வந்தேன். கடலோரத்தில் குடிதண்ணீருக்குத் திண்டாட வேண்டும் என்று சொன்னவர்களின் பேச்சைக் கேட்டு ராமநாதபுரத்தில் வீடு பிடித்தோம். ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய மகளை, வேன் வாசலுக்கே வரும் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தோம்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை. புதன் எங்களுக்குத் தடுப்பூசி நாள். காலை பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன். பிள்ளைக்குக் காய்ச்சல், வந்து அழைத்துப் போங்கள் என்றார்கள். என் எதிரே கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் சரக்கு ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போயிருந்தார். ஊசி போட்டு முடித்து, இரண்டு பஸ் மாறி நான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டே கால். அலுவலக அறைக்கு வெளியே பெஞ்சில், புத்தகப் பையை முதுகிலிருந்து இறக்காமலே மகள் உட்கார்ந்திருந்தாள். நெற்றி கொதித்தது. "டீச்சர் பையைக் கழற்றச் சொன்னார்கள் அம்மா. நீ வந்ததும் உடனே கிளம்பலாம் என்று நான்தான் கழற்றவில்லை" என்றாள்.

அன்று முதல், இந்தக் கரைக்குப் பிள்ளைகளோடு குடிவர நினைக்கும் யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: பதினொரு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், யார் போவார், எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்வார்? அரை மணி நேரத்துக்குள் போய் நிற்கக்கூடிய ஒருவர் இருக்கும் இடத்தில் பள்ளியைத் தேடுங்கள். அந்த ஒருவர் அம்மாவாக இருக்கலாம், அப்பாவாக இருக்கலாம், ஆச்சியாகவும் இருக்கலாம். பள்ளி முடிவான பிறகு, பிள்ளை நடந்து போகும் தூரத்தில் வீடு பாருங்கள். தண்ணீரை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம், நானும் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிறேன். அந்த மூன்றே கால் மணி நேரத்தை எதைக் கொடுத்து வாங்குவது?

நம் கரையின் அமைப்பையும் நினைவில் வைக்க வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம் என்று எல்லா ஊரும் ஒரே சாலையில் கோத்த மணிகள். அந்தச் சாலை அடைபட்டால் ராமேசுவரம் தீவுக்குச் சுற்றிப் போக வேறு வழி கிடையாது. தை அமாவாசை, ஆடி அமாவாசை நாட்களில் ராமேசுவரத்துக்கு வரும் வாகனங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ரயில் இருக்கிறதே என்று கணக்குப் போடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்படும் வரை தீவுக்கு ரயிலே இல்லை. ஒரு பிள்ளையின் தொடக்கப் பள்ளிப் பருவத்தில் பாதி அதிலேயே கழிந்துவிடும். ஆகவே வீடு தீவில் என்றால் பள்ளியும் தீவில், வேலை கரைப் பக்கம் என்றால் மூன்றும் கரைப் பக்கம். பாலத்துக்கு இரு பக்கமும் குடும்பத்தைப் பிரித்து வைக்காதீர்கள். மேல்நிலை வகுப்புப் பிள்ளைக்கு மட்டும் இதில் விலக்கு கொடுக்கலாம், அதுவும் அவன் விரும்பும் பாடப்பிரிவு இந்தப் பக்கம் இல்லையென்றால்.

பள்ளியைப் பார்க்க எப்போது போவது? சேர்க்கை நாளில் போனால் வாசலில் கோலமும் வரவேற்புப் பலகையும்தான் கண்ணில் படும். பள்ளி சாதாரணமாக நடக்கும் ஒரு நாளில், பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, நேராகப் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குப் போங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். காலையில் தண்ணீர் வருவது பெரிதில்லை, மூன்று மணிக்கும் வருகிறதா என்பதுதான் கேள்வி. நம் பக்கம் போர் தண்ணீர் உப்பு. குழாய் துருப்பிடித்துத் திருக முடியாமல் போகும், பீங்கானில் மஞ்சள் கறை ஏறும். கறையைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், அது எங்கள் வீட்டிலும் இருக்கிறது. தாழ்ப்பாள் விழுகிறதா, வாளியும் குவளையும் இருக்கின்றனவா, குவளையின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரமிருந்தால் பிள்ளைகள் பயன்படுத்துகிறார்கள். காய்ந்து தூசி படிந்திருந்தால் யாரும் உள்ளே போவதில்லை.

நான் இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என்னிடம் வரும் வளரிளம் பெண்களில் பலர் அடிவயிற்று வலி, நீர்க்கடுப்பு என்றுதான் வருகிறார்கள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதற்கு முன் எவ்வளவு தண்ணீர் குடித்தாய் என்று கேட்பேன். "பள்ளிக்கூடத்தில் குடிக்க மாட்டேன் அக்கா, குடித்தால் போக வேண்டி வரும்" என்பார்கள். காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து வரை, இந்த வெயிலில், நாக்கை நனைக்காமல் ஒரு பிள்ளை இருக்கிறது. அந்தப் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு நூறாகவே இருந்தாலும் என் மகளை நான் அங்கே சேர்க்க மாட்டேன்.

அப்படியே வகுப்பறைப் பக்கம் வாருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் வெறும் சிவப்பு டிக் இருந்தால் அது திருத்தம் ஆகாது. பிழையான எழுத்தைச் சுழித்து, பக்கத்தில் சரியாக எழுதிக் காட்டிய கை தெரிகிறதா என்று தேடுங்கள். எத்தனை ஆசிரியர்கள் என்று கேளுங்கள். கடலோரக் கிராமங்களில் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் தொடக்கப் பள்ளிகள் பல உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும், அதனால் அது குறையென்று சொல்லிவிட முடியாது. ஒருவர் விடுப்பிலோ பயிற்சியிலோ போனால் அன்று வகுப்பை யார் பார்ப்பார் என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என் மகன் அப்படியொரு பள்ளியில்தான் எழுத்துக் கூட்டக் கற்றான். ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் வீடும் தெரியும். காலை ஏழே முக்காலுக்கு நான் கிளம்பியாக வேண்டும். பள்ளியிலேயே காலை உணவு கிடைப்பது என்னைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லி முடியாது. 2023 ஆகஸ்டு முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் அது கிடைக்கிறது.

இன்னொன்று, பிள்ளைகளின் மணிக்கட்டைப் பாருங்கள். எந்தச் சாதி என்று காட்டும் வண்ணக் கயிறுகள் கட்டியிருக்கிறார்களா, மதிய உணவுக்கு யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று கவனியுங்கள். பள்ளிகளில் இத்தகைய கயிறுகளைத் தடைசெய்ய வேண்டும் என்று ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024இல் அரசுக்குப் பரிந்துரைத்தது. தலைமையாசிரியரிடம் இதை நேராகவே கேளுங்கள். அவர் கூச்சப்படாமல் பேசினால் அந்தப் பள்ளியை நம்பலாம்.

பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டால் கணக்கே வேறு. இது தெரியாமல் எத்தனையோ பெற்றோர் பிள்ளையின் வாய்ப்பைக் கைநழுவ விடுகிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கு 2021இல் விரிந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இடையில் ஒரே ஒரு வருடம், "புது ஊர் பழகும் வரை" என்று தனியார் பள்ளியில் போட்டு எடுத்தாலும் வரிசை அறுந்துவிடும். கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும், ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வனுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே பார்க்கிறார்கள். நம் பக்கம் திருச்சபைகளும் ஜமாத்துகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகள் நிறைய. பழமையானவை, பல நல்லவை. சீருடையும் புத்தகமும் ஒன்றாக இருப்பதால் அவையும் அரசுப் பள்ளிதான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். 7.5 விழுக்காடு அந்தப் பிள்ளைகளுக்குக் கிடையாது. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாத உதவித்தொகை மட்டும் 2024இல் நீட்டிக்கப்பட்டது. எனவே பெயர்ப்பலகையில் "அரசு" என்ற சொல் இருக்கிறதா, "அரசு உதவி பெறும்" என்று இருக்கிறதா என்று நிதானமாகப் படியுங்கள். 2024 ஜூனில் மகளை ஆறாம் வகுப்பில் சேர்த்தபோது நான் மூன்று பள்ளிகளின் வாசலில் நின்று பெயர்ப்பலகை படித்தேன்.

தனியார் பள்ளிதான் என்று முடிவெடுப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கீகாரம் எந்த ஆண்டு வரை என்று எழுத்தில் பாருங்கள். தனியார் பள்ளிகளுக்குக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குழு இருக்கிறது, அது நிர்ணயித்த தொகையைக் கேட்டு வாங்குங்கள். சிபிஎஸ்இ என்றால் ஒன்பதிலும் பதினொன்றிலும் பதிவு நடக்கிறது. பத்திலோ பன்னிரண்டிலோ புதிதாய்ப் போய்ச் சேர்வது எளிதல்ல. வளைகுடாவிலிருந்து கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் திரும்பி வரும் குடும்பங்கள் இதை முன்னதாகவே யோசிக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 விழுக்காடு இடத்தை நம்பி இருப்பவர்களுக்கு வீட்டு முகவரியே உயிர். பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும், அதற்குச் சான்று வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தக் கரையில் அத்தகைய பள்ளிகள் பல இருப்பதால் விண்ணப்பிக்கும் முன் விசாரித்துவிடுங்கள்.

மீனவக் குடும்பங்களுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிறவர் வீட்டில் காசு வற்றிப்போயிருக்கும் அந்த நாட்களில்தான் பள்ளிகள் முதல் தவணைக் கட்டணம் கேட்கின்றன. கட்டணம் கட்டும் பள்ளி என்றால், தடை முடிந்து படகு இரண்டு முறை போய்த் திரும்பும் வரை அவகாசம் தருவார்களா என்று மார்ச் மாதமே கேட்டு, பதிலை எழுதி வாங்கிவிடுங்கள். வட்டிக்கு வாங்கிக் கட்டாதீர்கள். அந்த வட்டி கட்டிய வீடுகளுக்கு நான் மாதாமாதம் போகிறேன்.

மாற்றுச் சான்றிதழ் விஷயத்தில் நான் பட்டதை நீங்கள் பட வேண்டாம். மகளை அந்தத் தனியார் பள்ளியிலிருந்து எடுத்தபோது, முழு ஆண்டு வேன் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள். சட்டம் அறியாமல் கட்டினேன். எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானது என்ற காரணத்தைச் சொல்லிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது, கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவில் அது இருக்கிறது. கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியாகச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் கூறியிருக்கிறது. பழைய பள்ளியில் பிள்ளையின் எமிஸ் எண்ணை, அதாவது கல்வித் துறைப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண்ணை, கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இழுத்தடித்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள், கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம்.

சேர்த்த பிறகு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் என்றைக்கு என்று கேட்டு, ஒரு மணி நேரம் அனுமதி எடுத்தாவது போய் உட்காருங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். எங்கள் பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டி வந்தது அந்தக் கூட்டத்தில்தான். அதைக் கேட்டது கடல்பாசி எடுக்கப் போகும் ஒரு தாய், எழுதிக் கொடுத்தது நான்.

கடைசியாக வீடு. பள்ளி முடிவான பிறகு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலிலிருந்து பார்த்து வைத்த வீடு வரை ஒருமுறை நடந்து பாருங்கள். நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டியிருந்தால் அந்த வீடு வேண்டாம். நம் பக்கம் மழை என்றால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான். பெய்தால் தாழ்வான தெருக்கள் குளமாகிவிடும். மே மாதம் வீடு பார்ப்பவர்களுக்கு அது தெரியாது, வீட்டுக்காரரும் சொல்ல மாட்டார். அதனால் முன்பணத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு எதிர்வீட்டு அம்மாவைக் கேளுங்கள், ஐப்பசி மழைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது என்று. சுவரில் உள்ள கறையை அவரே விரல் வைத்துக் காட்டுவார். கறை உங்கள் பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே இருந்தால் முன்பணத்தைக் கொடுங்கள்.