எடையை மாற்றியும் அசையாத தரவரிசை

ஐந்து வணிக வளாகங்களை ஃபஸி டாப்சிஸ் முறையில் எக்செல்லில் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். சொற்களில் வந்த மதிப்பீடுகளை எண்களாக்கி, ஒவ்வொன்றும் சிறந்த நிலையிலிருந்து எவ்வளவு தொலைவு என்று பார்த்துத் தரவரிசைப்படுத்தும் முறை அது. வாகன நிறுத்தக் கட்டணத்தின் எடையை, அதாவது அதற்குத் தரும் முக்கியத்துவத்தை, இரட்டிப்பாக்கியும் மதிப்பெண்ணில் நான்காம் தசம இடம்கூட மாறவில்லை.

செல் முகவரிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். கேள்வித்தாள் பதில்களை மறுபடி உள்ளிட்டேன், அதே விடை. தொலைவுச் சூத்திரத்தை மாற்றிப் பார்த்ததில் இரண்டு நாள் போனது.

சிக்கல் இருந்தது கட்டணமே வாங்காத வளாகத்தில். எல்லோரும் அதற்கு 'மிகக் குறைவு' என்று குறித்திருந்தார்கள். ஆய்வாளர் சி.டி. சென் இந்த முறைக்கு 2000-இல் தந்த அளவுகோலில் அது (0, 0, 1); கீழெல்லை, நடு, மேலெல்லை என்று மூன்று எண்கள். குறைவாக இருந்தால் நல்லது என்கிற செலவுக் காரணியை இயல்பாக்கும்போது, அதாவது 0 முதல் 1 வரையிலான அளவுக்குக் கொண்டுவரும்போது, நெடுவரிசையின் மிகச் சிறிய கீழெல்லையைத்தான் ஒவ்வொரு எண்ணாலும் வகுக்கிறோம். அது 0 என்பதால் மற்ற நான்கு வளாகங்களும் 0 ஆகிவிட்டன. இந்த ஒன்றில் மட்டும் 0/0 பிழை தெரிந்திருக்க வேண்டும். தாள் சுத்தமாகத் தெரிய நான் போட்டிருந்த இஃப்எரர் (பிழை வந்தால் அதற்குப் பதில் நாம் தரும் மதிப்பைக் காட்டும் எக்செல் சூத்திரம்) அதையும் 0 ஆக்கி மறைத்துவிட்டது. கட்டண நெடுவரிசையில் 0 இருந்தால் 'இலவசம்' என்றே கண் படித்துக்கொள்கிறது!

அளவுகோலை (1, 1, 3) முதல் (7, 9, 9) வரை என்று மாற்றினேன். வகுத்தபின் மூன்று எண்களின் வரிசையும் தலைகீழாகும்; பெரிய எண்ணால் வகுத்ததே முதலில் வர வேண்டும். அந்த வளாகம் நான்காம் இடத்திலிருந்து இரண்டுக்கு வந்தது. அப்பாடா என்றிருந்தது.