சேவையில் இறங்கும் கல்லூரி மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

நாலு பேர் சேர்ந்து ஏதாவது நல்லது செய்யலாம் என்று முடிவெடுத்ததும் வாட்ஸ்அப் குழு வந்துவிடும், அதற்கொரு பெயரும் வந்துவிடும். ஆனால் யாருக்காகச் செய்யப் போகிறோமோ அவர்களிடம் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். முதல் தவறு இதுதான். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கெங்கிருந்தோ வந்த பழைய துணிகள் கரையோர ஊர்களில் குவியல் குவியலாகக் கிடந்து வீணாயின. கொடுத்தவர்கள் மனதில் எந்தக் குறையும் இல்லை, என்ன வேண்டும் என்று கேட்காமல் கொடுத்ததுதான் குறை. அதனால் முதல் இரண்டு முறை வெறுங்கையோடு போங்கள், உட்கார்ந்து பேசுங்கள். மாலை வகுப்பு நடத்தலாம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள், அவர்களுக்கோ உதவித்தொகை விண்ணப்பத்தைப் பிழையில்லாமல் நிரப்பித் தர ஓர் ஆள் கிடைத்தாலே போதும் என்றிருக்கும்.

இரத்ததான முகாமும் அப்படித்தான். ஒரே நாளில் எத்தனை பேரைத் திரட்டினோம் என்பதில் பெருமை இருக்கிறது, சரி. ஆனால் சிவப்பணுக்களைக் குளிரில் வைத்தாலும் அதிகபட்சம் 42 நாள்தான் தாங்கும், தட்டணுக்கள் (பிளேட்லெட்) 5 முதல் 7 நாளில் காலாவதியாகிவிடும். எப்போது, எந்த வகை தேவை என்று இரத்த வங்கியில் கேட்டு, ஆட்களைப் பல மாதங்களுக்குப் பிரித்து அனுப்புவதுதான் உண்மையில் உதவும்.

எல்லாவற்றையும்விட எனக்கு வலிப்பது பாதியில் விட்டுவிட்டு வருவது. கல்லூரியில் படித்தபோது நாங்கள் சிலர் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் நாலு நாள் மாலை வகுப்பு எடுத்தோம், செமஸ்டர் தேர்வு வந்ததும் யாரிடமும் சொல்லாமல் நின்றுவிட்டோம், தேர்வு முடிந்து போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. மூன்று வாரம் கழித்துப் போனபோது ஒரு சிறுமி தன் கணக்கு நோட்டைக் காட்டினாள். நாங்கள் வராத முதல் வாரத்து நாலு நாளுக்கும் தேதி போட்டு, கோடு கிழித்து, கீழே ஒன்றும் எழுதாமல் வைத்திருந்தாள். அந்தப் பக்கங்கள் இன்றும் என் கண் முன்னால் நிற்கின்றன.

ஆகவே தேர்வு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். வாரம் ஒரு நாள்தான் முடியும் என்றால் ஒரு நாளே போதும், அதைத் தவறவிடாதீர்கள். தலைமை ஏற்பவர் சாவி வாங்குவது முதல் பாடம் எடுப்பது வரை தானே இழுத்துப்போட்டுச் செய்தால், அவர் இறுதியாண்டு முடித்துப் போகும்போது வேலையும் நின்றுவிடும். முதல் மாதத்திலிருந்தே ஒரு ஜூனியரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளை பின்னத்தில் திணறுகிறது, யாருடைய அம்மாவிடம் பேச வேண்டும், சாவி யாரிடம் இருக்கிறது, எல்லாம் ஒரு நோட்டில் ஏறட்டும்.

அப்புறம் இரண்டு விஷயம். உங்களிடம் உதவிப் பொருள் வாங்கும் பிள்ளையின் முகத்தைப் பெற்றோரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஒரு பிள்ளையோடு நீங்கள் மட்டும் தனியாக இருக்கும்படி எந்த ஏற்பாடும் வேண்டாம், எப்போதும் இரண்டு பேராகவே போங்கள்.

கடைசி வகுப்பு எந்தத் தேதி, அதற்குப் பிறகு யார் வருவார்கள் என்பதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். வரப்போகிறவரைக் கடைசி இரண்டு வாரமும் உங்கள் பக்கத்திலேயே உட்கார வையுங்கள்.