மோட்டார் சைக்கிள் இன்ஜினில் தேய்ந்த பாகங்களை எப்போது மாற்ற வேண்டும்?

ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், ஆயில் ஃபில்டர் ஆகியவற்றைக் கையேட்டில் உள்ள கிலோமீட்டர் கணக்கின்படியே மாற்றிவிடலாம். பிஸ்டன், அதைச் சுற்றியுள்ள ரிங், வால்வு, கிளட்ச் பிளேட், டைமிங் செயின் ஆகியவற்றுக்கு அந்தக் கணக்கு போதாது. ஆயில் உரிய காலத்தில் மாற்றப்பட்டதா, தூசி உள்ளே போனதா, வண்டி எவ்வளவு பாரம் இழுத்தது என்பதைப் பொறுத்து அவற்றின் ஆயுள் பெரிதும் வேறுபடும். ஆகவே அறிகுறியைக் கவனித்து, எளிய காரணங்களை முதலில் விலக்கி, பிறகு அளந்து பார்த்த பின்னரே இன்ஜினைப் பிரிக்க முடிவு செய்ய வேண்டும்.

ஆயில் குறைந்துகொண்டே வந்தால், முதலில் கேஸ்கெட் ஓரங்களிலும் ஆயில் சீல்களிலும் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கசிவு இல்லாமல் நீலப் புகை வந்தால் ஆயில் உள்ளே எரிகிறது என்று பொருள். அந்தப் புகை எப்போது வருகிறது என்பதே முக்கியம். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் கிளப்பியதும் சிறிது நேரம் புகைந்து பின் தெளிந்துவிட்டாலோ, இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடி வந்து மறுபடி திறக்கும்போது புகைந்தாலோ, பெரும்பாலும் வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல்தான் காரணம். வண்டி இழுக்கும்போதெல்லாம் புகை தொடர்ந்து வந்தால் ரிங்கையும் போரையும் (சிலிண்டரின் உள்துளை) சந்தேகிக்க வேண்டும். கறுப்புப் புகை பெட்ரோல் மிகுதியைக் காட்டுவது. அதற்காக இன்ஜினைப் பிரிப்பது வீண்செலவு.

சந்தேகத்தை உறுதிசெய்யக் கம்ப்ரஷன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை அளப்பது, உதவும். இன்ஜினைச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, இக்னிஷன் வேலை செய்யாதபடி கையேடு சொல்லும் முறையில் நிறுத்திவிட்டு, பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுமையாகத் திறந்து வைத்து, முள் அதற்கு மேல் ஏறாமல் நிற்கும் வரை இன்ஜினைச் சுழற்ற வேண்டும். ஆக்சிலரேட்டரைத் திறக்காமல் எடுத்த அளவைக் கொண்டு நல்ல இன்ஜினைப் பழுதென்று சொல்லிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அளவு குறைவாக இருந்தால் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி ஆயிலை விட்டு மீண்டும் சோதியுங்கள். அளவு நன்றாக ஏறினால் கசிவு ரிங் வழியே நடக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் பக்கம் பார்க்க வேண்டும். வால்வு இடைவெளி போதாமல் வால்வு முழுதாக மூடாதபோதும் கம்ப்ரஷன் குறையும் என்பதால், அந்த இடைவெளியை அமைக்கும் டேப்பெட்டைச் சரிசெய்துவிட்டு மறுபடி அளப்பது நல்லது.

சிலிண்டரைக் கழற்றிவிட்டால் இடைவெளியை அளக்க உதவும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜே பல விஷயங்களைச் சொல்லிவிடும். ரிங்கைப் பிஸ்டனிலிருந்து எடுத்துச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் தள்ளிச் சாயாமல் நிறுத்தி, அதன் இரு முனைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை அளக்க வேண்டும். ரிங் உரசாத அடிப்பகுதியில் கிடைக்கும் அளவு ரிங்கின் தேய்மானத்தைக் காட்டும்; ரிங் அதிகம் உரசும் மேற்பகுதியில் கிடைக்கும் அளவில் போரின் தேய்மானமும் சேர்ந்திருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று தெரிந்துவிடும்: 0.30 மி.மீ. வித்தியாசம் என்றால் போர் ஏறத்தாழ 0.10 மி.மீ. அகன்றிருக்கிறது. போர் வட்டம் கெட்டு நீள்வட்டமாகியிருக்கிறதா என்பதை மட்டும் இம்முறை காட்டாது. அதற்கு போர் கேஜ் தேவை. கிடைத்த அளவுகளைக் கையேட்டில் உள்ள தேய்மான வரம்போடு ஒப்பிடுங்கள். வரம்பைக் கடந்த போரில் புது ரிங்கை மட்டும் போடுவது பணத்தை வீணாக்கும் வேலை. வார்ப்பிரும்புச் சிலிண்டராக இருந்தால், அந்த வண்டிக்குச் சற்றுப் பெரிய அளவிலான ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கும் பட்சத்தில், போரைக் கடைந்து அதைப் பொருத்தலாம். உட்புறம் நிக்கல் பூசப்பட்ட சிலிண்டரை அப்படிக் கடைந்துவிட முடியாது. மறுபூச்சு அல்லது புதுச் சிலிண்டர்தான் வழி.

இன்ஜின் வேகம் ஏறியும் வண்டியின் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. முதலில் கேபிளில் உரிய தளர்வு இருக்கிறதா என்றும், ஆயிலில் நனைந்தபடி இயங்கும் ஈரக் கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் ஊற்றப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் பிறகே உராய்வுப் பிளேட்டின் தடிமனையும் ஸ்பிரிங்கின் நீளத்தையும் அளக்க வேண்டும்.

சத்தத்தை மட்டும் நம்பிப் பாகம் வாங்க வேண்டாம். டேப்பெட்டைச் சரிசெய்த பிறகும் சலசலப்பு நீடித்தால் டைமிங் செயினையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சோதிக்கலாம். ஆனால் பாரம் இழுக்கும்போது அடியிலிருந்து கனமான தட்டல் கேட்டு, வடித்த ஆயிலில் உலோகத் துகள்களும் தென்பட்டால், வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து, கிராங்க் பக்கமுள்ள அதன் பெரிய முனையைக் கவனியுங்கள். அங்கே உணரக்கூடிய ஆட்டம் இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு, அதற்கும் கையேட்டில் வரம்பு உண்டு.